நெல்லைச் சந்திப்பும் அதன் இருப்புப் பாதைகளும்

திருநெல்வேலிச் சந்திப்பு நிலையத்திலிருந்து நான்கு பாதைகள் பிரிகின்றன. ஒன்று வடகிழக்கே மணியாச்சி வழியாக மதுரைக்கும் சென்னைக்கும் செல்கிறது. மற்றொன்று மேற்கே அம்பாசமுத்திரம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்குச் செல்கிறது. மூன்றாவது தெற்கே நாகர்கோவிலுக்கும், நான்காவது தென்கிழக்கே திருச்செந்தூருக்கும் செல்கின்றன. இந்நான்கும் ஒரே காலத்தில் போடப்பட்டவை அல்ல. முதற்பாதை திறக்கப்பட்டது 1876-ல். கடைசிப் பாதை திறக்கப்பட்டது 1981-ல். இடையே 105 ஆண்டுகள்!

நிலையத்தின் கால அட்டவணையைப் பார்க்கும் நமக்கு, அதனை இரயில்வே அதிகாரிகள் அறையில் அமர்ந்து எழுதியதாகவே தோன்றும். அவர்கள் எழுதியது உண்மைதான். ஆனால் எந்த வண்டி எவ்வளவு விரைவாகச் செல்லலாம், எத்தனை பெட்டிகளை இழுக்கலாம், பயணி எங்கே இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும் என்பனவற்றைப் பாதையின் அகலமும், நிலத்தின் சரிவும், ஆற்று வெள்ளமும் முன்னரே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றன. வகுப்பில் நாம் படிக்கும் இயற்பியல் விதிகள் இந்நிலையத்தின் வரலாற்றில் எவ்வாறு செயற்பட்டன என்பதைக் காண்போம்.

கிளைப் பாதையின் முனை

தென்னிந்திய இரயில்வே என்னும் கம்பெனி 1874-ல் உருவாயிற்று. அடுத்த ஆண்டு அதன் பாதை மதுரையை எட்டியது. 1876-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அது தூத்துக்குடிவரை நீண்டது. திருநெல்வேலியை விட்டுத் தூத்துக்குடிக்கு ஏன் போக வேண்டும்? அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்த 1861 முதல் 1865 வரையிலான ஆண்டுகளில், இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி கிடைக்கவில்லை. அப்போது கரிசல் மண்ணில் விளையும் நம் பருத்தியின்மீது ஆங்கில வணிகர்களின் கண் விழுந்தது. பருத்தி ஏற்றுமதிக்குத் துறைமுகம் வேண்டும். கொழும்புக்குப் போகும் கப்பலும் தூத்துக்குடியிலிருந்தே புறப்பட்டது. ஆகவே முதன்மைப் பாதை துறைமுகத்துக்குச் சென்றது. மாவட்டத்தின் தலைநகரான திருநெல்வேலிக்குக் கிடைத்தது மணியாச்சியிலிருந்து 29 கி.மீ. நீளமுள்ள ஒரு கிளைப் பாதைதான்.

நிலையம் அமைந்த இடமும் கவனிக்கத்தக்கது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர், இன்று டவுண் என வழங்குவது, நிலையத்துக்கு மேற்கே ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில் உள்ளது. பாளையங்கோட்டையோ தாமிரபரணிக்கு அப்பால் கிழக்கே உள்ளது. இரண்டையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-லேயே கட்டப்பட்டுவிட்டது. அப்பாலத்தின் மேற்கு முனையை அடுத்த பகுதியில் நிலையம் அமைந்ததால் இரண்டு ஊர் மக்களும் மாட்டுவண்டியில் வந்து சேர முடிந்தது. கம்பெனிக்கு ஆற்றின்மீது பாலம் கட்டும் செலவும் அப்போதைக்கு மிச்சமாயிற்று.

இந்தக் கிளைப் பாதையில் ஓடிய வண்டியின் வேகம் என்ன? அதனைக் கணக்கிட வரலாறே நமக்கு ஒரு புள்ளிவிவரம் தருகிறது. 1911-ஆம் ஆண்டு சூன் 17 அன்று மாவட்டக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் கொடைக்கானல் செல்வதற்காகத் திருநெல்வேலியில் காலை 9.30 மணி வண்டியில் ஏறினார். வண்டி மணியாச்சியை அடைந்தது 10.38-க்கு. தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயில் 10.48-க்கு. அந்தப் பத்து நிமிட இடைவேளையில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்று, தாமும் உயிர் துறந்தார். அந்நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி எனப் பெயர் பெற்றுள்ளது. 29 கி.மீ. தொலைவுக்கு 68 நிமிடம். அதாவது மணிக்கு 26 கி.மீ.க்கும் சற்றுக் குறைவு. நல்ல சைக்கிள் வீரர் ஒருவர் இன்று இந்த வேகத்தில் ஓட்டிவிடுவார்.

நேரத்தைப் பற்றியும் ஒரு செய்தி. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். சென்னையின் தீர்க்கரேகை ஏறத்தாழ 80.25 பாகை, திருநெல்வேலியின் தீர்க்கரேகை 77.7 பாகை. எனவே சென்னையில் கதிரவன் உச்சிக்கு வந்து 10 நிமிடம் கழித்தே நெல்லையில் உச்சிக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில்கள் சென்னை நேரப்படி ஓடின. நிழலைப் பார்த்து நேரம் கணித்து நிலையத்துக்கு வந்தவர் வண்டியைத் தவறவிட்டிருப்பார்! 1906-ல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தபின் இவ்வேறுபாடு ஏறத்தாழ 19 நிமிடமாயிற்று. இன்றும் நெல்லையில் ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்து இதனைச் சரிபார்க்கலாம். ஆனால் கதிரவனின் உச்சி நேரம் ஆண்டு முழுவதும் சில நிமிடங்கள் முன்னும் பின்னும் நகரும் என்பதை மறவாதீர்கள்.

மூன்றேகால் அடிப் பாதை

இந்தியாவில் முதலில் போடப்பட்ட பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஐந்தரை அடி, அதாவது 1,676 மி.மீ. இதுவே அகலப் பாதை. செலவைக் குறைக்க வேண்டும் என்று கருதிய அரசப் பிரதிநிதி மேயோ பிரபுவின் ஆட்சியில், 1870-ல், குறுகிய பாதை ஒன்று போதும் என முடிவாயிற்று. இந்தியா விரைவில் மெட்ரிக் அளவுமுறைக்கு மாறிவிடும் என்று அன்று எதிர்பார்த்ததால் அதன் அகலத்தைச் சரியாக ஒரு மீட்டர் என வைத்தார்கள். அளவுமுறை மாறியது என்னவோ சுதந்திரத்துக்குப் பின்புதான். பாதை மட்டும் முந்திக்கொண்டது. தென்னிந்திய இரயில்வே இந்த மீட்டர் பாதையைத் தேர்ந்தெடுத்தது. முன்பே அகலப் பாதையாகப் போட்டிருந்த நாகப்பட்டினம் - திருச்சிப் பாதையைக்கூட 1870-களில் அது குறுக்கிவிட்டது.

குறுகிய பாதையால் நன்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை, சேர்ந்துதான் சுழலும். பாதை நேர்க்கோணத்துக்குத் திரும்புகிறது என்று கொள்வோம். வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமாக இருக்கும். எவ்வளவு நீளம்? பாதையின் அகலத்தை π-இன் பாதியால் பெருக்கினால் விடை கிடைக்கும். மீட்டர் பாதையில் அது 1.57 மீ.; அகலப் பாதையில் 2.63 மீ. வளைவின் ஆரம் எவ்வளவாயினும் இவ்வேறுபாடு மாறாது என்பது வியப்பானது. வரைந்து பார்த்தால் காரணம் விளங்கும். வெளிச் சக்கரம் கடக்க வேண்டிய இந்த மிகுதித் தொலைவைச் சமாளிக்கவே சக்கரத்தின் விளிம்பைச் சற்றுக் கூம்பு வடிவில் செய்கிறார்கள். வளைவில் வண்டி வெளிப்புறமாக நகரும்போது, வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவினாலும் உட்சக்கரம் தன் சிறிய சுற்றளவினாலும் உருளும். வேறுபாடு குறைவாக இருந்தால், இன்னும் குறுகலான வளைவிலும் சக்கரம் தேயாமல் திரும்ப முடியும். மலையைச் சுற்றி வளைந்து செல்லும் பாதைக்கு இது பெரிய உதவி. குடைய வேண்டிய பாறையும் குறையும்.

ஆனால் வேகம் என்று வந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. வண்டியின் ஈர்ப்பு மையம் தண்டவாளத்துக்கு மேல் 1.5 மீ. உயரத்தில் உள்ளதாகவும், வளைவின் ஆரம் 600 மீ. எனவும் கொள்வோம். மையவிலக்கு விசை வண்டியை வெளிப்புறம் கவிழ்க்கப் பார்க்கிறது; எடை அதனைத் தடுக்கிறது. மீட்டர் பாதையில் ஈர்ப்பு மையத்திலிருந்து வெளித் தண்டவாளம்வரை கிடைமட்டத் தொலைவு அரை மீட்டர்தான். ஆகவே மையவிலக்கு விசை எடையில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் வண்டி கவிழும். அந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 கி.மீ. அகலப் பாதையில் அதே வண்டி ஏறத்தாழ 205 கி.மீ. வேகத்தில்தான் கவிழும். தண்டவாளம் ஆடும், காற்று வீசும், பயணிகள் ஒரு பக்கம் சாய்வார்கள். ஆகையால் நடைமுறையில் இவ்வெல்லைகளுக்கு மிகவும் கீழேயே ஓட்டுவார்கள். இந்தியாவின் மீட்டர் பாதைகளில் மணிக்கு 100 கி.மீ. என்பதே உச்ச வேகமாக இருந்தது.

மலையை நோக்கி

இருபத்தாறு ஆண்டுகள் கிளைப் பாதையின் முனையாக இருந்த நெல்லை, 1902-ல் மேற்கே செல்லும் பாதையைப் பெற்றது. அது முதலில் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வழியாகக் கல்லிடைக்குறிச்சிவரை சென்றது. இவ்வூர் ஆற்றின் தென்கரையில் உள்ளது, எதிர்க்கரையில் அம்பாசமுத்திரம். அடுத்த ஆண்டு, 1903-ல், பாதை ஆற்றைக் கடந்து அம்பாசமுத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடைந்தது. 1904-ல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து புனலூர் வழியாகக் கொல்லத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு இரயில் வந்தது இந்த வழியாகத்தான். நெல்லையே அதன் வாயில்.

தென்காசிவரை நெல் வயல்களின் ஓரமாக அமைதியாகச் செல்லும் பாதை, செங்கோட்டையைத் தாண்டியதும் வேறு குணம் கொள்கிறது. ஆரியங்காவுக் கணவாயில் குகைகள். கழுதுருட்டியில் பதின்மூன்று வளைவுகள் கொண்ட கல் பாலம். இங்கே எஞ்சினின் சிக்கல் என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சமதளத்தில் எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது தடை மிகச் சிறிது. ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 5 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். 300 டன் வண்டிக்கு ஒன்றரை டன் விசை. இப்போது 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சரிவில் அதே வண்டி ஏறுகிறது என்போம். எடையின் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 6 டன், வண்டியைப் பின்னோக்கி இழுக்கும். ஆக மொத்தம் ஏழரை டன் விசை தேவை. நம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான அச்சரிவு, எஞ்சினின் வேலையை ஐந்து மடங்காக்கிவிடுகிறது!

எஞ்சினுக்கு ஆற்றல் இருந்தால் மட்டும் போதாது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்ற வேண்டும். இயக்கு சக்கரங்களின்மீது அமர்ந்துள்ள எடை 40 டன் எனில், உலர்ந்த தண்டவாளத்தில் அதில் நான்கில் ஒரு பங்கு, 10 டன்வரை, பிடிப்பு கிடைக்கும். மழையில் அது பாதியாகக் குறைந்து 5 டன் ஆகலாம். தேவையோ ஏழரை டன். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. குற்றாலத்தில் நாம் ஆவலோடு எதிர்பார்க்கும் அதே சாரல், அடுத்த மலையில் எஞ்சின் ஓட்டுநருக்குத் தலைவலி. எஞ்சினிலிருந்து குழாய் வழியாகச் சக்கரத்தின் முன்னே மணலைத் தூவி உராய்வைக் கூட்டுவது ஒரு வழி. வண்டியின் பின்னால் இன்னோர் எஞ்சினை இணைத்துத் தள்ளுவது மற்றொரு வழி. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே இரண்டும் கையாளப்பட்டன.

இரண்டு அகலங்கள் சந்தித்த இடம்

திருச்செந்தூர்ப் பாதை 1923-ல் வந்தது. செந்திலாண்டவரைக் காணச் செல்லும் கூட்டத்துக்குப் பெரும் வசதி. பாதைகள் பெருகியதால் சந்திப்புக்கும் டவுணுக்கும் இடையே இருந்த கேட் அடிக்கடி மூடப்பட்டு மக்கள் காத்துக்கிடந்தனர். 1970-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஈரடுக்கு மேம்பாலம் அதற்குத் தீர்வு கண்டது.

1981-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாகர்கோவில் பாதை திறக்கப்பட்டது. இது அகலப் பாதை. தெற்கே மலைத்தொடர் ஆரல்வாய்மொழியருகே தாழ்ந்து இடைவெளி விடுகிறது. காற்று பீறிட்டு வரும் அந்த வாயில் வழியாகவே பாதையும் செல்வதால், செங்கோட்டையில் பட்ட பாடு இங்கே இல்லை. ஆனால் வேறொரு சிக்கல் முளைத்தது. நாகர்கோவிலிலிருந்து வரும் அகலப் பாதை வண்டி நெல்லைக்கு வடக்கே போக முடியாது. சென்னைக்கு ஓடிய நெல்லை எக்ஸ்பிரஸ் மீட்டர் பாதை வண்டி, நெல்லைக்குத் தெற்கே வர முடியாது. நாகர்கோவிலிலிருந்து மதுரை செல்லும் குடும்பம் பெட்டி படுக்கையுடன் இங்கே இறங்கி மாற வேண்டும். சரக்கையும் மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்ற வேண்டும். 676 மி.மீ. வேறுபாட்டுக்கு மக்கள் கொடுத்த விலை இது. 1870-ல் மிச்சம் பிடித்த பணத்தைப் பிற்காலம் வட்டியுடன் திருப்பிக் கொடுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மதுரைப் பாதை 1990-களில் அகலமாயிற்று. திருச்செந்தூர்ப் பாதை 2000-களின் இறுதியிலும், தென்காசிப் பாதை 2012-லும் மாற்றப்பட்டன. மலைப்பகுதியில் குகைகளையும் பாலங்களையும் புதிய அளவுக்கு ஏற்பச் சீரமைக்க வேண்டியிருந்ததால், செங்கோட்டை - புனலூர்ப் பாதை 2010-ல் மூடப்பட்டு 2018-ல்தான் முழுமையாகத் திறந்தது. அதன்பின் பாலக்காட்டிலிருந்து பாலருவி எக்ஸ்பிரஸ் மலையைக் கடந்து நெல்லைக்கு வந்தது. 2024 முதல் அது தூத்துக்குடிவரை செல்கிறது. குசராத்தின் ஜாம்நகருக்கும் இன்று நெல்லையிலிருந்து நேர் வண்டி உண்டு. நெல்லை எக்ஸ்பிரஸ் இன்றும் இரவில் புறப்பட்டுக் காலையில் சென்னை சேர்கிறது. 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய வந்தே பாரத் வண்டி, 650 கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட சென்னைப் பயணத்தை ஏறத்தாழ 8 மணி நேரத்தில் முடிக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 80 கி.மீ.க்குச் சற்று மேல். ஆஷ் சென்ற வண்டியைப்போல் மூன்று மடங்கு. புகை போய்ப் பல்லாண்டுகள் ஆயினும் நம் வாயில் மட்டும் இது இன்னும் புகைவண்டிதான்!

வெள்ளமும் சரளைக் கல்லும்

அகலமும் சரிவும் பற்றிப் பார்த்தோம். மூன்றாவதான வெள்ளம் தன் வலிமையைக் காட்டியது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்பகுதியில் ஓராண்டில் பெய்யும் மழையைவிட இது அதிகம். ஒரு சதுர கிலோமீட்டரில் 90 செ.மீ. மழை என்றால் 90 கோடி லிட்டர் நீர். தாமிரபரணி கரை கடந்தது. நெல்லைச் சந்திப்பின் தண்டவாளங்களும் நீரில் மூழ்கின.

17-ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறத்தாழ 800 பேர் இருந்தனர். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வண்டி நிறுத்தி வைக்கப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் செல்லும் வழியில் பாதையின் கீழிருந்த சரளைக் கல்லையும் மண்ணையும் வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது. தண்டவாளங்களும் அவற்றைப் பிணைத்த கான்கிரீட் கட்டைகளும் ஏணிபோல் அந்தரத்தில் தொங்கின.

தண்டவாளத்தின் கீழே கொட்டியிருக்கும் சரளைக் கல் வெறும் அலங்காரம் அன்று. சுமையைப் பரப்பி மண்ணுக்குக் கொடுப்பதும், மழை நீரை வடியவிடுவதும், கட்டைகளை நகராமல் பிடித்துக்கொள்வதும் அதன் வேலைகள். மேட்டுப் பாதையின் ஒரு பக்கம் நீர் தேங்கி, மறுபக்கத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்துவிட்டால், அது வழிந்து பாயும் வேகம் வினாடிக்கு 4.4 மீ.வரை எட்டக்கூடும். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, நீரில் மூழ்கிய ஒரு கிலோகிராம் கருங்கல் ஏறத்தாழ 380 கிராம் எடையை இழக்கிறது. பிடிப்பும் அந்த அளவு குறைகிறது. நீரோட்டம் உருட்டிச் செல்லக்கூடிய கல்லின் எடை வேகத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு கனமான கல்லும் உருண்டுவிடும்! அதனால்தான் பாதி இரவுவரை உறுதியாக நின்ற மேடு, பிறகு சிறிது நேரத்தில் காணாமற் போகிறது.

அந்தரத்தில் தொங்கும் தண்டவாளத்தின்மீது வண்டி ஏறினால்? வழக்கமாக 60 செ.மீ.க்கு ஒரு கட்டை அதனைத் தாங்குகிறது. கீழே ஆறு மீட்டர் நீளத்துக்குத் தாங்கல் போய்விட்டது எனில், அதே சுமை உண்டாக்கும் வளைக்கும் திருப்புத்திறன் 10 மடங்காகும். தொய்வோ நீளத்தின் மும்மடியைப் பொறுத்தது, 1,000 மடங்காகும். உத்தரத்தின் நீளத்தை மாற்றித் தொய்வை அளக்கும் சோதனையைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்யும் மாணவர்கள் இவ்விதியை நன்கறிவார்கள்.

இதில் மிகவும் அச்சமூட்டும் செய்தி வேறொன்று. பல பாதைகளில் இரு தண்டவாளங்களிலும் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி வைத்திருப்பார்கள். வண்டியின் அச்சு இரண்டையும் இணைத்தாலோ தண்டவாளம் முறிந்தாலோ, மின்னோட்டம் உரிய இடத்தைச் சேராது, சிக்னல் சிவப்பாகும். வேறு இடங்களில் அச்சுகளை எண்ணும் கருவிகள் உள்ளன. ஆனால் தண்டவாளம் முறியாமல் அடியில் உள்ள கல் மட்டும் போய்விட்டால் இவ்விரு முறைகளாலும் அதனை அறிய இயலாது. முன்னே பாதை இல்லை என்பதை மனிதர்தான் சொல்லியாக வேண்டும். அன்றிரவு கொட்டும் மழையில் அச்செய்தி கிடைத்து, நிலையத்தார் வண்டியைப் பிடித்து நிறுத்தியதால் அத்தனை பேரும் பிழைத்தனர். சிலர் அருகிலிருந்த பள்ளிக்கூடத்திலும், மற்றோர் நிலையத்திலும் வண்டியிலுமாக இரண்டு நாள் தங்கினர். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. 19-ஆம் தேதி அவர்களை மீட்டு, வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுசென்று, தனி வண்டியில் சென்னைக்கு அனுப்பினார்கள். 1876-ல் முதலில் போடப்பட்ட அந்தப் பாதைதான் அப்போதும் கைகொடுத்தது.

நீங்களே செய்து பாருங்கள்

தென்காசி வண்டியில் செல்லும்போது சன்னலோரம் அமர்ந்து, பாதையோரத்துக் கிலோமீட்டர் கற்களைக் கவனியுங்கள். தலையை வெளியே நீட்ட வேண்டாம். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து, 3,600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும். 60 வினாடி எனில் 60 கி.மீ.; 45 வினாடி எனில் 80 கி.மீ. கல் அல்லாமல், சிறு கைபோல் மேலோ கீழோ சாய்ந்த பலகைகளும் ஆங்காங்கே தென்படும். அவற்றில் எழுதியுள்ள எண்தான் சரிவு. 100 என்றிருந்தால் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் இடையே ஒரு முறையும், செங்கோட்டையைத் தாண்டிய பிறகு ஒரு முறையும் வேகத்தையும் சரிவையும் குறித்துக்கொண்டு, 300 டன் வண்டிக்கு இரண்டு இடங்களிலும் எவ்வளவு விசை தேவை என்று கணக்கிடுங்கள்.